ஏரிக்கரையில் ஒரு சூடான்

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் புனே நகரத்து நம்மவர்கள் குழந்தை குட்டிகளுடன் கடக்வாஸ்லா ஏரிக்குச் சென்று வருவது வழக்கம். சுட்ட சோளக்கதிரும் வெங்காய பஜியாவும் உண்டு, காற்று வாங்கி மீள்கிறோம். அவ்வேரியை ஒட்டியுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியின் தலைமைக் கட்டடத்துக்குச் ‘சூடான் கட்டடம்’ என்று பெயர் அமைந்த வரலாற்றை நம்மில் அறிந்தோர் சிலரே.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படைகள் சூடானை நெருக்கிய வேளையில் இந்தியாவின் 4-ஆவது, 5-ஆவது டிவிஷன்கள் அங்கு அனுப்பப்பட்டன. 1941-இல் எரித்ரியாவின் கெரன் மலைகளில் நிகழ்ந்த போர் மிகக் கொடியது. உச்சியில் பகைவர், ஏறுவோருக்கு மறைவிடமில்லை. மார்ச்சு 27-இல் கெரன் வீழ்ந்தது. 4-ஆவது டிவிஷனில் சென்னை சாப்பர்களின் கம்பெனி ஒன்றும் இருந்தது. நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள்.

மாண்ட இந்தியப் படைவீரரின் நினைவுச் சின்னத்துக்கெனச் சூடான் அரசு அவ்வாண்டிலேயே ஒரு லட்சம் பவுன் அன்பளிப்பாக வழங்கிற்று. நினைவுத் தூண் எழுப்புவதிலும் பயிற்சிப் பள்ளி எழுப்புவதே தகும் எனப் பின்னர் முடிவாயிற்று. ஆயின் 1947-இல் நாடு பிரிந்தபோது அத்தொகையும் பிரிந்தது. இந்தியாவின் பங்கு எழுபதினாயிரம் பவுன். பாகப்பிரிவினையில் அண்டா குண்டாக்களைப் பங்கிடுவோர் உண்டு. இங்கோ இறந்தோர் நினைவே பங்குக்கு வந்தது. அதனை அநீதி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கெரனில் உடன் நின்று மடிந்தவர்களில் பலருடைய கிராமங்கள் எல்லைக்கு அப்பால் போய்விட்டனவே!

கடக்வாஸ்லாவைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. கடலிலிருந்து கரையேறித் தாக்கும் முறையைப் போர்க்காலத்தில் இவ்வேரியில்தான் துருப்புகளுக்குக் கற்பித்தனர். அதற்கென வடகரையில் அமைத்த ‘அங்கோஸ்துரா’ என்னும் போலிக் கப்பல் போர் முடிந்தபின் பயனற்றுக் கிடந்தது. ஏரி, சிங்ககட் மலைச்சாரல், அணித்தே லோஹகாவ் விமானதளம்: முப்படைக்கும் வேண்டியன யாவும் ஒருங்கே வாய்த்தன.

1949 அக்டோபர் 6-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அதுவரை டேராடூனில் பயின்ற மாணவர்கள் 1954 இறுதியில் இங்கு வந்தனர். 1955 ஜனவரி 16-இல் அன்றைய பம்பாய் முதலமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார்.

பெண்களுக்குக் கதவு திறந்ததோ 2022-இல்தான். காலம் தாழ்த்திய செயல் என்றே கூறுவோம். முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே 30-இல் பட்டம் பெற்று வெளிவந்தனர். நுழைவுத் தேர்வை மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் பெண்மக்களும் எழுதலாம். வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அமையும்.