கொச்சியைச் சுற்ற கார் எதற்கு?

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி பேசுவது திருப்பூரில் வழக்கமாகிவிட்டது. பனியன் கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்க்கும் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு இன்னோவாவோ எர்டிகாவோ பிடிக்கிறார்கள். வாடகை, டோல், டிரைவர் பேட்டா எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டு, விடிவதற்கு முன் கிளம்பி நள்ளிரவில் வீடு திரும்புகிறார்கள். வால்பாறைக்கும் டாப்ஸ்லிப்புக்கும் இப்படிப் போவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே கையில் வண்டி இருந்தால்தான் வசதி. கொச்சிக்கு மட்டும் இந்த முறை ஒத்துவராது. அது தீவுகளும் காயலும் சேர்ந்த துறைமுக ஊர். காரில் உட்கார்ந்து அதைச் சுற்றுகிறவர்களுக்குப் பாலமும் நெரிசலும் பார்க்கிங்கும்தான் அதிகம் கண்ணில் படும்.

ஊர் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். எர்ணாகுளம் ஒரு கரையில், ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் எதிர்க்கரையில், இரண்டுக்கும் நடுவே வில்லிங்டன் தீவு. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் தலைமையில் துறைமுகத்துக்காகக் காயலைத் தூர்வாரி, அந்த மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு அது. உலகம் சுற்றும் சொகுசுக் கப்பல்கள் இன்று அங்கேதான் வந்து நிற்கின்றன. காலையில் இறங்கி மாலையில் கப்பலேற வேண்டிய அந்தப் பயணிக்கும், திருப்பூரிலிருந்து போகும் நமக்கும் கையில் இருப்பது ஒரே ஒரு பகல்தான். அதில் எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குக் காரில் போவதென்றால், பாலம் ஏறித் தீவுக்குப் போய், தீவைக் கடந்து, தோப்பும்படியில் இன்னொரு பாலம் ஏறி, மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களுக்குள் புகுந்து போக வேண்டும். படகிலோ நேராக அக்கரை போய்விடலாம். இருபது நிமிடத்தை ஒட்டித்தான் ஆகும். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகுகள் பல காலமாக ஓடுகின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுச் சேவை, அடுத்த ஆண்டே ஃபோர்ட் கொச்சிக்கும் வந்துவிட்டது. போகிற வழியிலேயே துறைமுகம், கப்பல்கள், வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் எல்லாம் கண்ணில் படும். தூத்துக்குடி அளவுக்கு இல்லாவிட்டாலும், திருப்பூர்ச் சரக்கு கொச்சி வழியாகவும் கப்பலேறுகிறது. தான் தைத்த டி-ஷர்ட் கடல் தாண்டும் இடத்தை ஒரு தையல்காரர் பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி எது?

அக்கரையில் இறங்கினால் மீதியை நடந்தே பார்க்கலாம். சீன வலையை ஒரு முறை ஏற்றி இறக்குவதை முழுதாகப் பார்க்கவே கொஞ்ச நேரம் கரையில் நிற்க வேண்டும்: கயிற்றில் தொங்கும் கல் பாரங்கள், இழுக்கும் ஆட்கள், வலையில் துள்ளும் கைப்பிடி மீன். 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்த புனித பிரான்சிஸ் தேவாலயம் அங்கிருந்து நடக்கும் தூரம். 1568-ல் கட்டிய யூத ஜெப ஆலயமும், சுவரில் ராமாயண ஓவியங்கள் உள்ள அரண்மனையும் மட்டாஞ்சேரியில் அடுத்தடுத்து இருக்கின்றன. (ஜெப ஆலயத்துக்கு சனிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும்.) திருப்பூர்க்காரர்கள் தவறவிடவே கூடாத இடம் ஒன்றும் உண்டு. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் இருக்கும் தோபிகானாதான் அது. தலைமுறைகளுக்கு முன் அங்கே குடியேறிய தமிழ்ச் சலவைத் தொழிலாளர்களின் துறை. வரிசையாகச் சிமெண்ட் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் துவைகல், கஞ்சி போட்ட வேட்டிகள், கரி இஸ்திரிப்பெட்டிகள். துணி காயப்போடும் கயிற்றைப் பாருங்கள், கிளிப் இருக்காது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் பிரியை விலக்கித் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள், காற்றடித்தாலும் நழுவாது. பிளீச்சிங்கும் ஸ்டீம் அயர்னிங்கும் தெரிந்த கண்ணுக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. பத்து இடங்களின் பட்டியலை டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஓடுகிற பயணத்தில் இதற்கு நேரம் ஒதுக்க முடியாது.

நெடுஞ்சாலையின் நிலைமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். திருப்பூரிலிருந்து கொச்சி 200 கிலோமீட்டருக்கு மேல்; போக வர பத்து மணி நேரமாவது சாலையிலேயே போய்விடும். 2025 ஆகஸ்டில், இந்த வழியிலுள்ள மண்ணுத்தி – இடப்பள்ளிச் சாலையின் நெரிசலையும் மோசமான நிலையையும் காரணம் காட்டி, பாலியேக்கரை சுங்கச்சாவடியில் கட்டணம் வசூலிப்பதையே கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. பிறகு வசூல் மீண்டும் தொடங்கிவிட்டது என்றாலும், அந்தச் சாலையை நம்பி ஒரு நாள் திட்டம் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்த டிரைவர் இரவிலும் அதே சாலையில்தான் திரும்ப வேண்டும். மோட்டார் தொழிலாளர்களுக்காக 1961-ல் வந்த சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் உடம்பு எப்படி வலிக்கும் என்று தெரிந்த ஊர் இது. அதற்கு மேல் இரண்டு ஷிப்டையும் தாண்டி ஒருவரை ஓட்டவைத்து, அவரை நம்பிப் பின் சீட்டில் பிள்ளைகளோடு நாம் தூங்குகிறோம்.

ஏழு பேர் போனால் காரில்தான் தலைக்குச் செலவு குறைவு என்பார்கள். இருக்கலாம். ரயில்தான் முதல் வழி என்று நான் நினைத்தாலும், ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் கிடைப்பது கடினம், கைக்குழந்தையோடு முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறு என்று யாரிடமும் சொல்ல முடியாது என்பதும் உண்மை. காரில் போகிறவர்களும் ஆலுவா வரைக்கும் போனால் போதும். நம் பக்கத்திலிருந்து போகும்போது நகருக்கு முன்பே வரும் அந்த ஊரில்தான் மெட்ரோ ரயில் தொடங்குகிறது, வண்டி நிறுத்தவும் இடம் உண்டு. எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் ஹைகோர்ட் படகுத்துறை. வயதானவர்கள் இதையெல்லாம் தாங்குவார்களா என்ற கேள்வி நியாயமானது. அலைச்சல் கொஞ்சம் உண்டுதான். ஆனால் வாட்டர் மெட்ரோவில் படகும் மேடையும் ஒரே மட்டத்தில் இருப்பதால் சக்கர நாற்காலியோடு ஏறலாம், உள்ளே ஏசியும் உண்டு. அக்கரையில் நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ இருக்கிறது. நெரிசலில் மணிக்கணக்காகக் கால் மடக்கி உட்கார்வதை விட இது அவர்களுக்கு எவ்வளவோ மேல். டிரைவர்களின் வருமானம் போகும் என்று சொல்வதற்கும் இடமில்லை. வண்டி நின்றாலும் நாள் வாடகையும் பேட்டாவும் உண்டு.

அடுத்த முறை கொச்சிக்கு வண்டி பேசும்போது, ஆலுவாவில் நிறுத்திக்கொள்ளலாம் என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் படகில் ஊரைப் பார்த்துவிட்டு வரும்வரை அவர் தூங்கட்டும்.