தரங்கம்பாடித் திடலும் நான்கு எஜமானர்களும்

1792-இல் கட்டப்பெற்ற நகரவாயிலைக் கடந்து ராஜவீதியோடு கடலை நோக்கிச் செல்லும் யாத்ரீகர், 1701-இல் எழுந்த சீயோன் தேவாலயத்தையும், முகப்பில் டென்மார்க் அரசரின் முத்திரையும் 1718 என்ற ஆண்டும் பொறித்த புதிய எருசலேம் தேவாலயத்தையும் பார்த்துக்கொண்டு, டேனியர் கோட்டைக்கு எதிரே விரியும் திடலை அடைவாரானால், வடக்கே அலைவாயில் நிற்கும் மாசிலாமணிநாதர் ஆலயமும் அவர் கண்ணுக்குத் தப்பாது. இவையனைத்தும் கூப்பிடு தூரத்தில் அடங்கியிருக்க, இவற்றின் பரிபாலனமோ நான்காகப் பிரிந்து கிடக்கிறது. கோட்டையும் அதனுள் உள்ள காட்சிசாலையும் மாநிலத் தொல்லியல் துறையின் வசம். கோயில் அறநிலையத் துறையின் வசம். தேவாலயங்கள் இரண்டும் இரு வேறு திருச்சபைகளுக்கு உரியவை. இந்நிலை இனி நீடிக்கலாகாது என்பதே நம் அபிப்பிராயம்.

சோழமண்டலக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகருகிறது. ஆகையால் தெற்கே ஓரிடத்தைக் காப்பாற்றக் கல் அடுக்கினால், வடக்கே அடுத்த இடத்தில் கரை தேயும். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் ஆட்சியில் எழுந்த அக்கோயிலின் முன்பாகம் கடலுக்கு இரையாகிப் போனதை அறிந்தும், கோட்டைக்கு ஒரு திட்டம், கோயிலுக்கு ஒரு திட்டம் என்று தனித்தனியே கோப்பு எழுதுவது என்ன விவேகம்? சுவர்களின் கதியும் இதுவே. உப்புக்காற்றில் ஈரம் வாங்கும் பழைய செங்கல்லுக்குச் சுண்ணாம்புச் சாந்தே பொருந்தும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால், உள்ளே அடைபட்ட உப்பு செங்கல்லையே பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும். இதில் தேர்ந்த கொத்தனார்களை நால்வரும் தனித்தனியே தேடி அலைய வேண்டுவதில்லை.

காட்சிசாலையின் விஷயமும் உண்டு. 1706-இல் இங்கு வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, தமிழ் கற்று, இந்நாட்டுத் தெய்வங்களின் வம்சாவளியை 1713-இல் ஒரு நூலாகவே எழுதி அனுப்ப, அவருடைய ஊழியத்தை ஆதரித்த ஹாலே நகரத்துப் பெரியவர்கள் அதனை அச்சேற்ற மனம் கொள்ளாமையால், 1867-இல்தான் அது சென்னையில் அச்சாயிற்று. (மதம் பரப்ப அனுப்பப்பட்டவர் பிற மதத்தை இவ்வளவு சிரத்தையோடு ஆராய்ந்தது அவர்களுக்கு உவப்பாக இராததில் வியப்பில்லை!) புதிய எருசலேம் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் அவருடைய சரித்திரத்தைக் கோயிலை விட்டுச் சொல்ல முடியாது, கோயிலின் சரித்திரத்தையும் அவரை விட்டுச் சொல்ல முடியாது. பீங்கானையும் படைக்கலத்தையும் காட்டுவதோடு நில்லாமல், இவ்வுறவைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளங்கும் தமிழில் காட்சிசாலை எடுத்துரைக்க வேண்டும்.

கூட்டு நிர்வாகம் வழிபாட்டு உரிமையில் கைவைக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. பூஜையும் ஆராதனையும் சொத்தும் உரியவரிடமே இருக்கட்டும். கரைக்காவல், வடிகால், பழுதுபார்ப்பு, புதுக்கட்டடங்களின் உயரம் ஆகிய நான்கை மட்டும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் அனைவரும் அமரும் ஒரு குழுவிடம் அரசாங்கம் ஒப்படைக்கட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் அதற்கான ஆணை பிறக்க வேண்டும். கோயிலை ஒட்டிய கரையே குழுவின் முதல் வேலையாக இருத்தல் வேண்டும்.