ஆகஸ்ட் 15 மதியச் சாப்பாடு

சுதந்திர தினத்தன்று காரைக்குடி உணவகங்களுக்குப் பிள்ளைகுட்டிகளோடு வருபவர்களில், வெளிநாட்டில் குடியிருந்து ஊருக்கு வந்திருக்கும் நகரத்தார் குடும்பங்களும் உண்டு. அன்றைக்கு அவர்கள் ஊரில் இருப்பதற்கு நாட்டுப்பற்றைவிடப் பள்ளி நாட்காட்டியே காரணம். வளைகுடா நாடுகளில் ஜூலையும் ஆகஸ்டும் கோடை விடுமுறை. இங்கிலாந்திலும் ஆகஸ்ட் முழுக்கப் பள்ளி இல்லை. சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை ஜூனிலும் ஆண்டுக் கடைசியிலும்தான். தங்கள் தேசிய தினமான ஆகஸ்ட் 9-ஐ அங்கேயே கொண்டாடிவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள். குடியரசு தினமான ஜனவரி 26 இவர்களில் எவருக்கும் தோதில்லை.

ஆகஸ்ட் 15 ஆடி மாதக் கடைசியில் வரும். இந்தக் குடும்பங்கள் தையிலோ ஆவணியிலோ வந்தால் ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் பந்தி இருக்கும், உறவு முறையில் அழைப்பும் இருக்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது. 2025-இல் அந்த நாள் ஆடிக் கடைசி வெள்ளியாகவும் அமைந்தது. கோழிக்கும் சுக்காவுக்கும் ஏங்கி வந்த சில குடும்பங்களில், உடன் வந்த அப்பத்தாவின் ஒரு பார்வையிலேயே ஆர்டர் சைவத்துக்கு மாறியிருக்கும்.

வெளியில் சாப்பிடுவதற்கு முதன்மையான காரணம் வீடுதான். அந்தக் காலத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தனியாகத்தான் போனார்கள். மூன்றாண்டுத் தவணை, சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்னும் தொழில் கூடத்தில் பெட்டியடிக் கணக்கு, அங்கேயே படுக்கை, சமையல்காரர் பொதுவாகப் பொங்கிப்போடும் சாப்பாடு. ஆச்சியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம் என்பதால், ஒரே கூரையின் கீழ் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான மகனின் குடும்பத்துக்கும், தனி அடுப்பு எரிந்தது. இன்று குடும்பமே துபாயிலும் லண்டனிலும் இருக்கிறது. முகப்பும் வளவு என்னும் உள்முற்றமும் பர்மாத் தேக்குத் தூண்களும் பங்காளிகளின் பொதுச் சொத்தாக நிற்கின்றன. அடுப்படி பூட்டிக் கிடக்கிறது. பத்து நாள் தங்க வருகிறவர்கள் அதற்காக கேஸ் சிலிண்டருக்கு அலைவதில்லை. சொந்த வீடு இருக்கும் ஊரில் விருந்தாளியைப் போலக் கடையில் சாப்பிடுவது அதனால்தான்.

போகுமிடம் கைப்பணத்தைப் பொறுத்தது. ஊருக்குள் இருக்கும் மெஸ்களில் வரிசையில் நின்று இடம் பிடிக்க வேண்டும். ஒரு மணிக்கு மேல் பிள்ளைகளோடு போவது வீண். 1999 முதல் விடுதியாக நடக்கும் 'தி பங்களா'வில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அதை நடத்திய மீனாட்சி மெய்யப்பன் ஆச்சியின் சமையல் குறிப்புகள் பின்னர் புத்தகமாகவும் வந்தன. அருகிலுள்ள கானாடுகாத்தானில் பழைய வீடுகள் சில விடுதிகளாகியிருக்கின்றன. பக்கத்துத் தெருவில் தன் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு, அதே மாதிரி வளவில் உட்கார்ந்து சாப்பிடக் காசு கொடுப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

பிள்ளைகளுக்குச் சிக்கல் காரத்தில் வருகிறது. செட்டிநாடு என்ற பெயரில் உலகமெங்கும் விற்பது மிளகும் சோம்பும் தூக்கலான கறி வகை. ஊர்க் கடைகளும் வெளியூர்க்காரர்களை நினைத்து அதையே முன்னால் வைக்கின்றன. மசாலா முன்னமே அரைத்துச் சேர்த்தாகிவிட்டதால், "காரம் குறைச்சுப் போடுங்க" என்று கேட்டுப் பயனில்லை. பருப்பும் நெய்யும், தயிர்சோறு, அப்பளம், ஆம்லெட் என்று மதியம் ஓடிவிடும். நகரத்தார் வீடுகளில் பிள்ளைகளுக்குச் செய்துகொடுத்ததோ வேறு வகை. தேங்காய்ப்பாலில் ஊறிய பால்பணியாரம், வறுத்த உளுந்துமாவில் கருப்பட்டியும் நெய்யும் விட்டுக் கிண்டிய கும்மாயம், பர்மாத் தொடர்பில் வந்த கவுனி அரிசி இனிப்பு, இடியாப்பம். இவற்றில் எதுவும் நாக்கைச் சுடாது. மதியச் சாப்பாட்டில் இவை ஒன்றிரண்டுக்கு மேல் வருவதில்லை. மாலைப் பலகாரமாகத் தேடினால் அகப்படும். ஆகவே பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மதியத்தைவிட மாலை நாலு மணியே நல்ல நேரம்.

பரிமாறுகிறவருக்கும் அன்று விடுமுறை நாள்தான். 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும். வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுப்பு. தொழிலாளர் துறையினர் அன்றைக்கே உணவகங்களில் ஆய்வு செய்வார்கள். சாப்பாடு மேசைக்கு வந்து சேர நேரமானால், ஆள் குறைவாக இருப்பதும் காரணமாயிருக்கலாம். டாஸ்மாக் மூடியிருப்பதால் சாயங்காலத்தில் கடைகள் குடும்பங்களுக்குச் சற்று அமைதியாகவே இருக்கும்.

வெளிநாட்டுக்குத் திரும்பும்போது கொண்டுபோவதற்கான பலகாரத்தை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். முறுக்கும் சீப்புச்சீடையும் மனகோலமும் காற்றுப் புகாமல் கட்டினால் வாரக்கணக்கில் தாங்கும். வெள்ளைப் பணியாரத்தைக் கட்டிக்கொண்டு போக முடியாது. எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் வரமிளகாய்த் துவையலோடு அங்கேயே சாப்பிட்டுவிட வேண்டியதுதான். பிள்ளைகளுக்குத் துவையல் வேண்டாம், சீனி போதும்.