நூற்றெட்டு மொச்சை

அக்காவுக்கு இருபத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்தது. ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர், சுக்கிரன் கன்னியில் நீசமாகிக் கிடக்கிறான், அதனால்தான் வரன் தட்டிப்போகிறது என்றார். வைர மோதிரம் போடுங்கள், முடியாதென்றால் ஒரு ஹோமம் செய்துவிடலாம் என்று தொகையையும் சொன்னார். அப்பாவின் இரண்டு மாதச் சம்பளம் அது. அம்மா பதில் பேசாமல் எழுந்து வந்துவிட்டாள். மறுநாள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் போய், "காசு செலவில்லாம எதுவும் இல்லையா சாமி?" என்று கேட்டாள். அவர் பழைய அழைப்பிதழின் பின்பக்கத்தில் சுக்கிரன் பேரும் 'நமஹ'வுமாக ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார். "ஒரு மண்டலம். தினம் நூற்றெட்டு. நிதானமா சொல்லுங்க, போதும்."

நாற்பத்தெட்டு நாளும் விளக்கேற்றியதும் அம்மா உட்காருவாள். ஜபமாலை கிடையாது. சுக்கிரனுக்கு உரிய தானியம் மொச்சை என்பதால் நூற்றெட்டு மொச்சையை எண்ணி ஒரு பித்தளைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு தடவை சொன்னால் ஒரு மொச்சை எதிர்க் கிண்ணத்துக்குப் போகும். முதல் நாலைந்து மொச்சை பித்தளையில் விழும்போது 'ணங்' என்று கேட்கும். அடி நிறைந்த பிறகு மொச்சை மேல் மொச்சை விழுகிற மங்கிய சத்தம்தான். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும் நான் அந்தச் சத்தத்தை வைத்தே இன்னும் எத்தனை பாக்கி என்று சொல்லிவிடுவேன்.

வீடு வாசல், பணம் காசு, கல்யாணம், தாம்பத்தியம் எல்லாவற்றையும் சுக்கிரன் கணக்கில் எழுதிவைத்திருக்கிறோம். ஒருவருக்குத் திடீரென்று வசதி வந்தால் 'சுக்கிர திசை அடிச்சிருக்கு' என்பது நம் பேச்சு. 120 வருஷ தசைக் கணக்கில் அவனுக்குத்தான் அதிகம், 20 வருஷம். வெள்ளைத் துணி, வெள்ளித் தட்டு, வெள்ளிக்கிழமை எல்லாம் அவனுடையவை. ஆனால் நவக்கிரகத்தைச் சுற்றத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே தமிழர்கள் வெள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மழைக்காக. பட்டினப்பாலை அங்கேதான் தொடங்குகிறது. வெள்ளி திசை மாறித் தெற்கே போனாலும், வானம் பொய்த்தாலும், காவிரி பொய்க்காது என்கிறார் உருத்திரங்கண்ணனார். அந்தக் காவிரியின் வடகரையில்தான் சுக்கிரன் தலமான கஞ்சனூர் இருக்கிறது. வளம் வேண்டும் என்று கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வெள்ளி சில மாதம் அந்தியில் தெரியும், சில மாதம் விடியலில் தெரியும். இடையில் சூரிய ஒளியில் மறைந்து கண்ணுக்கே அகப்படாத நாட்களும் உண்டு. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 584 நாள். அது மறைந்திருக்கும் நாட்களைச் சுக்கிர அஸ்தமனம் என்று குறித்துவைத்து, அப்போது கல்யாணம் வேண்டாம் என்று பஞ்சாங்கம் ஒதுக்கும். காணாமல் போனது திரும்ப வரும்வரை பொறுத்திரு என்பதாகத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

முப்பதாவது நாளோ என்னவோ, பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து வேண்டாம் என்று தகவல் வந்தது. அம்மா அன்றும் உட்கார்ந்தாள். பாதியில் குரல் உடைந்து நின்றுவிட்டது. திண்ணையில் இருந்த அப்பா உள்ளே வந்தார். சின்ன வயதில் திரௌபதியம்மன் கோயில் பாரதப் பிரசங்கத்தை விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர். "நாம யாருகிட்ட கேக்கறோம் தெரியுமா? அவனும் பொண்ணப் பெத்தவன்தான்" என்றார்.

அன்று ராத்திரிதான் தேவயானி கதையை முழுதாகக் கேட்டேன். சுக்கிரனிடம் சஞ்சீவினி மந்திரம் கற்க வந்த கசன் மேல் அவர் மகள் தேவயானிக்கு ஆசை. அசுரர்கள் அவனைக் கொன்று, எரித்து, சாம்பலை மதுவில் கலந்து சுக்கிரனுக்கே குடிக்கக் கொடுத்துவிட்டார்கள். மகள் அழுகிறாள். வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தால்தான் அவன் பிழைப்பான், அப்படி வந்தால் தாம் செத்துப்போவோம் என்று தெரிந்தும், உள்ளே இருப்பவனுக்கு மந்திரத்தை உபதேசித்து வெளியே வரவைத்தார் சுக்கிரன். கசன் அதே மந்திரத்தால் அவரை எழுப்பினான். ஆனால், உன் அப்பா வயிற்றிலிருந்து பிறந்தவன் நான், உனக்கு அண்ணன் முறை என்று அவளை மறுத்துவிட்டான். பிறகு யயாதியைக் கட்டினாள், அவனும் சர்மிஷ்டையிடம் போனான். செத்தவனை எழுப்பத் தெரிந்தவரால் மகளுக்கு அவள் கேட்ட அன்பை வாங்கித் தர முடியவில்லை. இந்தத் தகப்பனிடம்தான் நாம் பெண்ணுக்காகக் கேட்கிறோம் என்று அறிந்த பிறகு அந்த ஒற்றை வரி எனக்கு வேறாகக் கேட்டது.

கொடுப்பது பற்றியும் அவருக்குத் தெரியும், அடிபட்டுத் தெரிந்துகொண்டது. மகாபலி வாமனனுக்குத் தானம் கொடுக்கும்போது, அதைத் தடுக்க வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்தார். வாமனன் தர்ப்பையால் குத்த, ஒரு கண் போயிற்று. இழந்த கண்ணை அவர் திரும்பப் பெற்ற இடம் மயிலாப்பூர் வெள்ளீஸ்வரர் கோயில் என்பது தலபுராணம்.

வைரம் போடு, ஹோமம் செய் என்று பயத்தைக் காட்டிப் பணம் கேட்பவர்கள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை. மந்திரத்துக்குக் காசு வேண்டாம். வாயும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் எந்த ஏழையும் சொல்லலாம். வயிற்றுவலியால் துடித்த சீடர் தம்பியப்பனால் ஜபம் செய்ய இயலாது என்பதால்தான் முத்துசுவாமி தீட்சிதர் கிரகங்களைப் பாட்டாகவே பாடிக் கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். சுக்கிரனுக்கு அவர் எடுத்துக்கொண்டது பரசு ராகம். யாரும் வாசலுக்கு வெளியே நிற்கக் கூடாது என்று நினைத்த மனம் அது.

மண்டலம் முடிந்தபோது ஆடி பிறந்திருந்தது. ஆடுதுறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மொச்சையை முந்தானையில் முடிந்துகொண்டு கஞ்சனூர் போனோம். சுக்கிரன் எங்கே என்று நான் கேட்டதற்கு, அர்ச்சகர் அக்னீஸ்வரரைக் காட்டி, இங்கே சிவனேதான் சுக்கிரன் என்றார். அம்மா முடிச்சை அவிழ்த்து, மொச்சையைச் சந்நிதி முன் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அதை வேகவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாற்பத்தெட்டு நாள் விரல் பட்டு ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது. கிணற்றடி வேலியோரம் ஊன்றிவிட்டாள். அக்காதான் தினம் தண்ணீர் விட்டாள், பந்தல் கட்டினாள். அவளுக்குக் கல்யாணம் ஆனது அதற்கு மூன்று வருஷம் கழித்து, கூட வேலை பார்த்தவரோடு, ஜாதகம் பார்க்காமல். ஆனால் மொச்சை, ஊன்றிய அந்த வருஷத் தைக்கே கொடி தாங்காமல் காய்த்திருந்தது. பொங்கலன்று காலையில் அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறம் பச்சை மொச்சை கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கள் வரிசையில் ஏழு வீட்டில் அன்று எங்கள் வேலி மொச்சைதான் குழம்பு.