டப்பாவிலே தமிழ் எங்கே?

"சர்க்கரை வியாதி, சீனியைத் தொடாதே" என்கிறார் டாக்டர். சரி, சீனிக்குப் பதில்? சின்னஞ்சிறு வில்லை! தேநீரிலே போட்டால் தித்திக்கிறது. பாகூரிலே நாற்று நடும் தாய்க்கும், வில்லியனூரிலே இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பும் தோழருக்கும் இன்று அது தெரிந்த பண்டம்.

பண்டம் தெரியும். பண்டத்திற்குள்ளே இருப்பது தெரியுமா?

சாக்கரின் 1879-லே அமெரிக்க ஆய்வுக்கூடத்திலே பிறந்தது. (குச்சி ஐஸ் தின்று வளர்ந்த நமக்குப் பழைய உறவுதான்!) அஸ்பார்டேம் 1965-லே வந்தது. இவை உள்ளிட்ட ஏழு இனிப்பிகளைப் பற்றிப் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 12,772 பேரை ஏறத்தாழ 8 ஆண்டுகள் கவனித்து, 2025 செப்டம்பரில் 'நியூராலஜி' என்னும் மருத்துவ ஏட்டிலே எழுதினார்கள். மிகக் குறைவாக உட்கொண்டோரைவிட, மிக அதிகமாக உட்கொண்டோருக்கு நினைவாற்றலும் சிந்தனைத்திறனும் 62 விழுக்காடு வேகமாக மங்கினவாம். அதிகம் என்றால் மலையளவு அல்ல. நாளொன்றுக்குச் சராசரி 191 மில்லிகிராம். அறுபதைத் தாண்டியோரிடம் இத்தொடர்பு தென்படவில்லை. அறுபதுக்குக் கீழே, அதாவது உழைத்து உருகும் வயதிலே, தென்பட்டது. நீரிழிவுக்காரரிடம் இன்னும் வலுவாகவே தென்பட்டது.

இனிப்பிதான் மூளையைக் கெடுத்தது என்று இந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறோம், பீதி கிளப்புவது நம் தொழிலல்ல. ஆயினும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-லே தந்த கணக்கென்ன? நாடு முழுதும் நீரிழிவு 11.4 விழுக்காடு; புதுவையிலோ 26.3! கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. வயது வந்தோரில் நாலுக்கு ஒருவர்! வில்லையைத் தேடும் கை இங்கேதான் அதிகம்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், தோழர்களே! கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி. பிற மொழிகளையும் சேர்த்துக் கொள்ள'லாமாம்'! காசு தமிழன் காசு, உடல் தமிழன் உடல். உள்ளே இருப்பதை உரைக்கும் எழுத்து மட்டும் அவன் அறியாத எழுத்தா?

தமிழிலும் அச்சிடுவதைக் கட்டாயமாக்கும்படி புதுவை அரசு டில்லியிடம் வாதாட வேண்டும் என்கிறோம். அதுவரை, நம் படிப்பகங்களிலே படித்த இளைஞர்கள் டப்பாவை வாங்கிப் படித்துச் சொல்லட்டும். 950 என்றிருந்தால் அசெசல்பேம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின். அதற்காக மறுபடி சீனியை அள்ளிப் போட்டுக் கொள்ளாதீர்கள். வில்லையை விடுவதா, குறைப்பதா என்று அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டப்பாவையும் எடுத்துப்போய் டாக்டரிடமே கேளுங்கள்.