குழந்தை பேசும்வரை காத்திருப்பவரே நல்ல சிகிச்சையாளர்

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான குழந்தையை உளவியல் சிகிச்சைக்கு அழைத்து வரும் பெற்றோர், முதல் அமர்வு முடிந்ததும் பெரும்பாலும் கேட்பது, “எல்லாவற்றையும் சொல்லிவிட்டதா?” என்பதே. அக்கேள்வியில் உள்ள தவிப்பை நாங்கள் அறிவோம். ஆயினும், நடந்ததை விரைவாக வெளிக்கொணர்வதைச் சிகிச்சையாளரின் திறமைக்கு அளவுகோலாகக் கொள்ளுதல் தவறு என்பதே எங்கள் கருத்து.

நடந்ததை விசாரித்தறிவது காவல்துறை, நீதிமன்றம் ஆகியவற்றின் பணி. அங்கும் குழந்தையைத் திரும்பத் திரும்பச் சாட்சியம் அளிக்க அழைக்கலாகாது என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். சிகிச்சையாளரின் பணி வேறு. ‘வேண்டாம்’ என்னும் தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று கண்டுகொண்ட குழந்தைக்கு, அச்சொல்லின் மதிப்பை மீட்டுத் தருவதே அப்பணி. எங்கே அமர்வது, எதை வரைவது, இன்று எதைப் பேசாதிருப்பது என்பவற்றைக் குழந்தையின் விருப்பத்திற்கு விடுபவரே இதற்குத் தகுதியானவர்.

காத்திருத்தல் வேறு, ஒதுங்குதல் வேறு. அச்சத்தைத் தணிக்கும் பயிற்சிகளை முதலில் கற்பித்து, பின்னர் சிறிது சிறிதாக அந்நினைவை அணுகத் துணை நிற்பது நல்ல சிகிச்சையின் முறை. குழந்தை சொல்லும்போது முகம் சுளிக்காமலும் பதறாமலும் கேட்டல் வேண்டும். கேட்பவரின் பதற்றத்தைத் தன் குற்றமாகவே குழந்தை எடுத்துக்கொள்ளும். ஆண்பிள்ளைகள் இதனை இன்னும் ஆழமாக மறைத்துக்கொள்வதுண்டு.

நேர்மை மற்றொரு பண்பு. “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று நல்ல சிகிச்சையாளர் வாக்களிக்கமாட்டார். இத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம். மேலும், இரகசியம் காக்கச் சொல்வது குற்றமிழைப்பவரின் வழக்கம். எதை, யாரிடம், ஏன் சொல்ல நேரும் என்பதைத் தொடக்கத்திலேயே குழந்தைக்குப் புரியும் சொற்களில் விளக்கிவிடுவதே முறை.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிப்பதில் தாங்கள் பயிற்சி பெற்றவரா? எங்களுக்கு எவற்றைத் தெரிவிப்பீர்கள்? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன? இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. சில அமர்வுகளுக்குப் பின்னும் குழந்தை இணங்கவில்லை எனில், வேறொருவரைக் கோருவதும் அவமதிப்பு ஆகாது. அவசர உதவிக்கு 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

அமர்வு முடிந்து வெளிவரும் பிள்ளையிடம், “என்ன சொன்னாய்?” என்று கேளாதீர்கள். “பசிக்கிறதா?” என்று கேளுங்கள். சொல்ல வேண்டியதைத் தனக்கு உகந்த நேரத்தில் அப்பிள்ளையே சொல்லட்டும்.