மலத்தில் இரத்தம் போனால் எல்லாம் மூலம்தானா?

நம் இந்தியச் சமூகத்தின் உடல்நலம் பற்றிப் பேச்செடுத்தால் இனிப்புநீர், இரத்த அழுத்தம், இருதயம், சிறுநீரகம் என்ற நான்கோடு முடிந்துவிடும். கோயில் மண்டபத்தில் நடக்கும் மருத்துவ முகாமிலும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள், கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கிறார்கள். வயிறு எப்படி இருக்கிறது, மலம் சரியாகப் போகிறதா என்று கேட்பவர் இல்லை. கேட்டாலும் நம்மவர்கள் வாய் திறப்பார்களா என்பது வேறு விஷயம்.

கேட்க வேண்டிய காரணம் இருக்கிறது. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் குடல் அழற்சி நோயைப் பற்றி நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. 2011 முதல் 2013 வரை இந்நோய் புதிதாகக் கண்டவர்களை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் மலாய்க்காரர் 0.35, சீனர் 0.63, இந்தியர் 1.91. ஏற்கெனவே நோயோடு வாழ்பவர்களின் கணக்கிலும் அதே நிலைதான். மற்ற இரு இனத்தாரிலும் லட்சத்துக்கு ஏழு பேர் அளவில் இருக்க, இந்தியரில் ஏறக்குறைய 25 பேர்.

எண்ணிக்கையாகப் பார்த்தால் இது அரிய நோய்தான். அந்த விகிதத்தைப் பினாங்கு இந்தியர்களுக்குப் பொருத்தினால் சில பத்துப் பேர் வருவார்கள், அவ்வளவே. ஆனால் இது பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண், புதிதாகக் கல்யாணமான இளைஞர் போன்றவர்களுக்கு வருகிற நோய். வந்தால் ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும்.

பெயரிலேயே ஒரு குழப்பமும் உண்டு. ‘குடல் அழற்சி’ என்றதும் பலர் அறுத்து எடுத்துவிடும் குடல்வாலை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. இது உடலின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்கிப் புண்ணாக்கும் நோய். பெருங்குடலின் உட்புறம் மட்டும் புண்ணாவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியதும், குடல் சுவரை ஆழமாகத் துளைக்கக்கூடியதும் கிரோன் நோய். வாரக்கணக்கில் நிற்காத பேதி, சளியும் இரத்தமும் கலந்த மலம், தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிவறைக்கு ஓட வைக்கும் அவசரம், உடல் இளைப்பு, சோகை ஆகியவை இதன் அடையாளங்கள்.

ஏன் நமக்கு அதிகம்? முழு விடை யாரிடமும் இல்லை. ஆனால் இங்கு மட்டும் இப்படி இல்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய தெற்காசியர்களிடம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அங்குள்ள வெள்ளையரைவிடக் கூடுதலாக இருப்பதை 1990-களிலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். பரம்பரைக் கூறும், மாறிப்போன உணவும் சுற்றுச்சூழலும் சேர்ந்து செய்யும் வேலை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. காரமும் நாசி கண்டாரும்தான் காரணம் என்று பழி போடுவது எளிது. காரம் சிலருக்கு வேதனையைக் கூட்டலாம், ஆனால் அது இந்நோயை உண்டாக்குவதாகச் சான்று இல்லை.

என் பார்வையில் நம் பெரிய சிக்கல் ‘மூலம்’ என்ற ஒரு சொல். தமிழில் இதற்கெல்லாம் சொற்பஞ்சம் இல்லை. சீதபேதி, இரத்தபேதி, கிராணி, வயிற்றுக்கடுப்பு என்று நம் முன்னோர் பிரித்துப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். இன்று மலத்தில் இரத்தம் என்றால் வீட்டில் வரும் பதில் இரண்டுதான்: ஒன்று சூடு, இல்லாவிட்டால் மூலம். கருணைக்கிழங்கு சமைத்துப் போடுவார்கள், துத்திக் கீரை தேடுவார்கள், இளநீர் வாங்கித் தருவார்கள். அடங்காவிட்டால் மருந்துக் கடையில் ஒரு களிம்பு, பிறகு சின்சேயிடம் ஒரு பொட்டலம். இதில் எதையும் நான் கேலி செய்யவில்லை. மூலம் இருப்பவருக்கு நார்ச்சத்தும் தண்ணீரும் நல்லதுதான். ஆனால் அது மூலம்தான் என்று பார்த்துச் சொன்னது யார்?

இதே சொல்லுக்குப் பின்னால் புற்றுநோயும் மறைந்துகொள்கிறது. பெருங்குடல் புற்றுநோய் இந்நாட்டில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகம் காணப்படுவது. பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் சோதனையை 2014 முதல் சுகாதார அமைச்சு தன் கிளினிக்குகளில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் செய்து வருகிறது. அது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான சோதனை. கண்ணுக்குத் தெரிந்தே இரத்தம் போகிறவர் வயது பார்த்துக் காத்திருக்கக் கூடாது. நேரே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நீண்ட நாள் வயிற்றுத் தொல்லை எல்லாமே இந்த நோய் என்று பயப்படவும் தேவையில்லை. வயிறு உப்புவது, மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவது, கழித்தபின் வலி குறைவது என்று ஆண்டுக்கணக்கில் அவதிப்படுவோரில் மிகப் பலருக்கு இருப்பது ‘ஐ.பி.எஸ்.’ எனும் குடல் எரிச்சல் கோளாறு. அதில் குடல் புண்ணாவதில்லை, இரத்தம் போவதில்லை. உணவு மாற்றம், மன அழுத்தக் குறைப்பு, தேவைக்கேற்ற மருந்து ஆகியவற்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். இரத்தம், இளைப்பு, காய்ச்சல், சோகை, இரவில் எழுப்பும் பேதி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கதை வேறு.

சோதனைக்குப் போவது பெரிய செலவு என்ற எண்ணமும் பலரைத் தடுக்கிறது. தனியார் மருத்துவமனையில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு ஆயிரக்கணக்கில் ஆகும் என்பது உண்மை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனையின் நிபுணரிடம் போனால் 5 ரிங்கிட். காத்திருப்பு நீளம்தான், அதனால்தான் முதல் மாதத்திலேயே வரிசையில் சேர வேண்டும் என்கிறேன். காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன் நோயைப் போலவே தோற்றம் காட்டும். ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் ஆபத்து. ஆகவே திசு எடுத்துப் பார்க்காமல் குறுக்குவழி கிடையாது.

நோய் உறுதியானால் நிவாரணம் உண்டு, முற்றும் குணம் என்பதுதான் இல்லை. மெசலசின் மாத்திரையிலேயே பலருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அடங்கிவிடுகிறது. ஸ்டீராய்டு தீயை அணைக்க மட்டும், நெடுநாளைக்கு அல்ல. பழைய சீட்டைக் காட்டி அதையே திரும்பத் திரும்ப வாங்கி விழுங்குவது எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும். கடுமையான நோய்க்கு ஊசியாகப் போடும் உயிரியல் மருந்துகள் உள்ளன. விலை அதிகம் என்பதால் அரசாங்க மருத்துவமனையில் கேட்டவுடன் கிடைத்துவிடாது. காப்புறுதியை நம்பலாமா என்றால், நோய் பதிவான பிறகு எடுக்கும் பாலிசி பொதுவாக அதற்குப் பணம் தராது. சந்தா ஏற்றம் தாங்க முடியாத அளவுக்குப் போய், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து வசூலிக்கச் சொன்ன கதை நமக்குத் தெரியும்.

வலி நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவது இன்னொரு தொல்லை. நோய் அடங்கியிருப்பதே அந்த மாத்திரையால்தான். பெருங்குடலில் பரவலாக நோய் உள்ளவர்களுக்கு எட்டு, பத்து ஆண்டுகளில் புற்றுநோய் ஆபத்தும் கூடுவதால், நலமாக இருந்தாலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

முகாம் நடத்தும் ஆலய நிர்வாகங்களும் இயக்கங்களும் இதற்குப் பெரிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. பெயர், வயது எழுதும் அதே தாளில் மூன்று கேள்வி சேர்த்தால் போதும்: மலத்தில் இரத்தம் போகிறதா, எத்தனை வாரமாக, இரவில் எழுந்து போகிறீர்களா? பெண்களிடம் ஒரு பெண் தாதியும் ஆண்களிடம் ஓர் ஆணும், திரைக்குப் பின்னால், தமிழில் கேட்கட்டும். ‘ஆம்’ என்பவர் கையில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.